மூன்று கடை, ஒரே கல்லா

டிரையத்லான் கூட்டல் கணக்கில் பிறந்த விளையாட்டு. ஹவாயின் ஓவாஹு தீவில் ஏற்கெனவே மூன்று பந்தயங்கள் தனித்தனியாக நடந்துவந்தன: வைகீகீ கடலில் 2.4 மைல் நீச்சல், தீவைச் சுற்றிவரும் 115 மைல் சைக்கிள் பந்தயம், ஹொனலூலு மாரத்தான். நீந்துபவர், ஓடுபவர், சைக்கிள் மிதிப்பவர் ஆகியோரில் மெய்யான உடல்வலு யாருக்கு என்றொரு வாக்குவாதம் கிளம்பியது. ஜான் காலின்ஸ் என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரி, மூன்றையும் ஒரே நாளில் ஒன்றன்பின் ஒன்றாக வைத்துவிடுவோம், தெரிந்துவிடும் என்றார். சைக்கிள் பாதையில் மட்டும் 3 மைல் குறைந்தது. 1978 பிப்ரவரி 18 அன்று 15 பேர் கடலில் இறங்கினார்கள், 12 பேர் முடித்தார்கள். முதலில் வந்த கோர்டன் ஹாலருக்கு 11 மணி 46 நிமிடம் 58 விநாடி ஆனது. இன்று உலகெங்கும் ‘அயர்ன்மேன்’ என்ற பெயரில் நடக்கும் பந்தயத்தின் தூரத்தை எந்த உடலியல் ஆய்வும் தீர்மானிக்கவில்லை. மூன்று உள்ளூர்ப் பந்தயங்களைக் கூட்டி வந்த விடை அது.

அந்தக் கூட்டல் புத்தி இந்த விளையாட்டை இன்றுவரை விடவில்லை. வேலைக்குப் போய்க்கொண்டே முதல் பந்தயத்துக்குத் தயாராகும் ஒருவர் வார அட்டவணை போடும் விதத்தைப் பாருங்கள். நீச்சலுக்கு மூன்று நாள், சைக்கிளுக்கு மூன்று, ஓட்டத்துக்கு நான்கு, தசைக்கு வலு வேண்டுமே என்று ஜிம்முக்கு ஒன்று. ஏழு நாளில் பதினொரு பயிற்சி. அலுவலகமும் வீடும் போக்குவரத்தும் அசைந்து கொடுக்காது. அசைந்து கொடுப்பது தூக்கம் ஒன்றுதான். அட்டவணையில் அதற்கென்று கட்டமே இருக்காது. பயிற்சிகள் மூன்று வகையாக இருக்கலாம், அவற்றைச் செரித்து வலுவாக மாற்றும் உடல் ஒன்றே. ஒரு அமெச்சூர் வீரர் எவ்வளவு தூரம் முன்னேறுவார் என்பதை, அவரால் செய்ய முடிகிற பயிற்சியின் அளவைவிட அவரால் செரிக்க முடிகிற அளவே முடிவுசெய்கிறது என்பது என் வாதம். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் இதை ஏற்றுக்கொண்டால் அட்டவணையில் பாதியை மாற்றி எழுத வேண்டிவரும் என்பதால், சான்றுகளைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஸ்வீடனைச் சேர்ந்த யோனாஸ் பெரிஸ்ட்ரம், எரிக் ஹுல்ட்மன் என்ற இரு மருத்துவர்கள் 1966இல் தங்கள் மீதே ஒரு சோதனை செய்துகொண்டார்கள். ஒரே உடற்பயிற்சி சைக்கிளின் இரு பக்கமும் ஆளுக்கொருவராக அமர்ந்து, ஆளுக்கொரு காலால் மட்டும் மிதித்தார்கள், இனி முடியாது என்ற கட்டம் வரும்வரை. மற்றக் கால் சும்மா இருந்தது. பிறகு மூன்று நாள் மாவுச்சத்து நிறைந்த உணவு. தொடைத் தசையிலிருந்து ஊசிவழியே துணுக்கு எடுத்துப் பார்த்தபோது, உழைத்த காலின் கிளைகோஜன் (தசை சேமித்துவைக்கும் மாவுச்சத்து) இருப்பு முதலில் ஏறக்குறைய வற்றிப்போயிருந்தது. மூன்று நாள் கழித்து அதே கால், சும்மா இருந்த காலைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கைச் சேர்த்து வைத்திருந்தது. இரண்டு காலுக்கும் ஒரே ரத்தம், ஒரே சாப்பாடு, ஒரே தூக்கம். உழைப்பின் செய்தி உழைத்த தசைக்குள்ளேயே இருந்தது. ஆனால் அந்தச் செய்தி சரக்காக மாறியது கால் ஓய்ந்திருந்த மூன்று நாட்களில். மிதித்துக்கொண்டிருந்த நேரத்தில் நடந்தது செலவு மட்டும்.

அடுத்த ஆண்டு அமெரிக்காவில் ஜான் ஹோலோசி, எலிகளை வாரக்கணக்கில் ஓடவைத்து, அவற்றின் தசையில் மைட்டோகாண்ட்ரியாவைச் சேர்ந்த நொதிகளின் செயல்பாடு ஏறத்தாழ இரண்டு மடங்காவதைக் காட்டினார். ஆக்சிஜனைக் கொண்டு எரிபொருளை ஆற்றலாக்கும் உலைகள் அவை. நெடுந்தூர விளையாட்டுகளுக்கான பயிற்சியின் மையமே இந்த உலைகளைப் பெருக்குவதுதான். ஒரு முறை ஓடி முடித்ததும் தசைச்செல்லில் சில மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. அவற்றின் உத்தரவுப்படி புரதங்கள் அடுத்த பல மணி நேரத்தில் உருவாகின்றன. ஒரு பயிற்சியின் பங்கு மிகச் சிறியது. வாரக்கணக்கில் இவை ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தால்தான் ஓட்டத்தில் தெரியும். உத்தரவு மட்டும் வந்துகொண்டிருந்து, கொத்தனாருக்கு நேரமும் செங்கல்லும் தராவிட்டால் சுவர் எழும்பாது.

இதில் இன்னொரு சிக்கல், உடலின் உறுப்புகள் ஒரே கடிகாரத்தைப் பார்த்து வேலை செய்வதில்லை. போதிய மாவுச்சத்து கிடைத்தால் கிளைகோஜன் ஏறக்குறைய ஒரு நாளில் நிரம்பும். வழக்கமில்லாத ஓட்டத்துக்குப் பின் தொடை வலி இரண்டாம் நாளில் உச்சத்துக்குப் போய் மூன்று நான்கு நாளில் அடங்கும். தசைநாண்கள் மிகவும் நிதானம்: கடும் உழைப்புக்குப் பின் முதல் ஒன்று ஒன்றரை நாளில் அவற்றில் கொல்லாஜன் கட்டுவதைவிடக் கரைவதே அதிகம், கட்டும் வேலை அதற்குப் பிறகுதான் மேலோங்குகிறது. நுரையீரலும் இதயமும் ‘நான் தயார்’ என்று சொல்லும்போது குதிகாலுக்கு மேலே உள்ள அக்கிலிஸ் நாண் இன்னும் தயாராகாமல் இருக்கலாம். புதிதாக ஓட வருபவர்களுக்கு மூச்சு வாங்குவது நின்ற பிறகு கால் வலிக்கத் தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

டிரையத்லான்காரர்கள் தங்களுக்குச் சாதகமாக எடுத்துவைக்கும் வாதம் இங்கே நுழைகிறது. நேற்று ஓடினேன், இன்று நீந்துகிறேன், காலுக்கு ஓய்வுதானே என்பார்கள். பாதி உண்மை. நீச்சல் குதிகாலை இடிக்காது; சைக்கிள் முழங்காலுக்குள் அதிர்ச்சியை அனுப்பாது. ஓட்டக்காரருக்கு வாய்க்காத வசதி இது, இந்த விளையாட்டின் அழகும் இதுவே. ஆனால் இதயம், ஈரல், ஹார்மோன்கள், நரம்பு மண்டலம், நோய் எதிர்ப்பு, தூங்குவதற்கான இரவு ஆகியவை விளையாட்டுக்கு ஒன்றாகப் பிரித்துத் தரப்படவில்லை. கடை மூன்று இருக்கலாம், கல்லா ஒன்று. நீச்சல் கடையில் எடுத்த பணம் ஓட்டக் கடைக்கு வரும் சரக்கில் குறையும். அலுவலகம் என்ற நான்காவது கடையும் அதே கல்லாவில்தான் கைவைக்கிறது. அமெரிக்காவில் மாணவர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2014இல் வெளியானது. கடும் கால் பயிற்சிக்குப் பின் நான்கு நாட்கள் அவர்களைக் கவனித்தார்கள். வாழ்க்கையில் நீடித்த மன அழுத்தம் உள்ளவர்களுக்குத் தசைவலு திரும்ப அதிக நேரம் பிடித்தது. பயிற்சி ஒன்றே. கல்லாவில் ஏற்கெனவே இருந்த தொகைதான் வேறு.

கல்லாவின் நிலவரம் வெளியே தெரியாமல் இருப்பதற்கு விளக்கம் கனடாவிலிருந்து வந்தது. 1970களின் நடுவில் எரிக் பானிஸ்டர் குழுவினர் ஒரு கணித மாதிரியை முன்வைத்தார்கள். ஒவ்வொரு பயிற்சியும் உடலில் இரண்டு விளைவுகளை ஒருசேர விட்டுச்செல்கிறது: ஒன்று தகுதி, மற்றொன்று களைப்பு. களைப்பு பெரிதாக வந்து சில நாட்களில், அதிகம் போனால் ஓரிரு வாரங்களில் வடியும். தகுதி சிறிதாக வந்து பல வாரம் நிற்கும். ஒரு நாளில் நம்மால் எவ்வளவு வேகமாக ஓட முடியும் என்பது முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வரும் மிச்சம். மாதிரி எளிமையானது, அதன் எண்களை ஒவ்வொருவருக்கும் துல்லியமாகப் பொருத்துவது கடினம், விமர்சகர்களும் உண்டு. ஆனாலும் ஒரு விஷயத்தை இது நன்றாக விளக்குகிறது: பந்தயத்துக்கு முன் பயிற்சியைக் குறைத்தால் வேகம் ஏன் கூடுகிறது? லோரான் பொஸ்கே குழு 2007இல் பல ஆய்வுகளை ஒன்றாக அலசியது. சுமார் இரண்டு வாரம், பயிற்சியின் வேகத்தையும் நாட்களின் எண்ணிக்கையையும் குறைக்காமல், மொத்த அளவை மட்டும் 41 முதல் 60 சதவீதம்வரை வெட்டியவர்களுக்குப் பலன் அதிகம் என்று தெரிந்தது. இரண்டு வாரத்தில் புதிதாக இதயம் வளர்ந்துவிடவில்லை. அந்த வேகம் ஏற்கெனவே அவர்களிடம் இருந்தது. களைப்புக்கு அடியில் புதைந்து கிடந்தது.

அப்படியானால் முதலில் நன்றாகக் களைத்துவிட்டுப் பிறகு ஓய்வெடுத்தால் இன்னும் அதிகம் கிடைக்குமே என்று ஒரு குறுக்கு யோசனை தோன்றும். பல பயிற்சியாளர்கள் நெடுங்காலம் அதை நம்பினார்கள். பிரான்ஸில் டிரையத்லான் வீரர்களிடமே இதைச் சோதித்துப் பார்த்து, முடிவை 2014இல் வெளியிட்டார்கள். மூன்று வாரம் சுமையைக் கூட்டிவிட்டுப் பிறகு குறைத்தார்கள். சுமை கூடிய காலத்தில் களைப்பு மட்டும் அடைந்தவர்கள், ஓய்வுக்குப் பின் நன்றாகவே முன்னேறினார்கள். செயல்திறனே சரியும் அளவுக்குப் போனவர்களுக்கு அந்த அளவு பலன் கிட்டவில்லை. சளியும் தொண்டைவலியும் அவர்களிடமே அதிகம். ஆழமாகத் தோண்டியவருக்கு அதிகத் தண்ணீர் கிடைக்கவில்லை.

அமெச்சூர்கள் எல்லோரும் அளவுக்கு மீறிப் பயிற்சி செய்கிறார்களா? மணிக்கணக்கில் பார்த்தால் இல்லை. அவர்களுடைய சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அமெரிக்க உடலியல் அறிஞர் கார்ல் ஃபாஸ்டர் 2001இல் ஒரு ஒப்பீட்டை வெளியிட்டார். பயிற்சியாளர் ‘இன்று லேசாக’, ‘இன்று கடுமையாக’ என்று மனதில் வைத்திருந்ததையும், வீரர்கள் அந்த நாளை எப்படி உணர்ந்தார்கள் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். லேசாக இருக்க வேண்டிய நாட்களில் வீரர்கள் கூடுதலாக உழைத்திருந்தார்கள். கடுமையாக இருக்க வேண்டிய நாட்களில் போதிய அளவு உழைக்கவில்லை. இரண்டும் ஒன்றையொன்று பார்த்து நகர்ந்து, நடுவில் வந்து சேர்ந்திருந்தன. பேசிக்கொண்டே ஓட முடியாத, ஆனால் உயிரைக் கொடுத்தும் ஓடாத அந்த நடுவேகம் ஏமாற்றுக்காரத்தனமானது. வியர்க்கும், திருப்தியாக இருக்கும், கடிகாரத்தில் எண்ணும் அழகாக விழும். செலவு கடும் பயிற்சிக்குப் பக்கத்தில் நிற்கும், வரவு அந்த அளவுக்கு வராது.

இதற்கு நேர்மாறாக, நார்வேயில் பணிபுரியும் ஸ்டீஃபன் சைலர் என்ற ஆய்வாளர், படகோட்டிகள், பனிச்சறுக்கு வீரர்கள் போன்ற உயர்மட்ட நெடுந்தூர வீரர்களின் பயிற்சிக் குறிப்புகளைத் தொகுத்தபோது, ஏறக்குறைய ஐந்தில் நான்கு பயிற்சிகள் உரையாடிக்கொண்டே செய்யும் அளவுக்கு லேசானவை என்று கண்டார். அமெச்சூர்களின் வலுவான ஆட்சேபணை இந்த இடத்தில்தான் வரும், அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. அந்த உயர்மட்ட வீரர்கள் வாரம் 25 மணி நேரம் பயிற்சி செய்கிறவர்கள். அத்தனை மணி நேரமும் கடுமையாக ஓடினால் செத்துவிடுவார்கள், வேறு வழியில்லாமல் லேசாக ஓடுகிறார்கள். எனக்கு இருப்பதே எட்டு மணி நேரம். அதையும் ஆமைபோல் கழித்தால் என்ன மிஞ்சும்?

நியாயமான கேள்வி. விடை நாம் விரும்பும் அளவுக்குப் பளிச்சென்று இல்லை. ஸ்பெயினில் எஸ்டெவே-லனாவோ குழு 12 ஓட்டக்காரர்களை ஐந்து மாதம் இரண்டு பிரிவாகப் பயிற்சி செய்யவைத்து, மொத்தச் சுமையைச் சமமாக வைத்தது. லேசான ஓட்டத்தின் பங்கு 80 சதவீதமாக இருந்த பிரிவு, நடுவேகம் கூடுதலாக இருந்த பிரிவைவிட அதிகம் முன்னேறியது. 12 பேர் சிறிய எண்ணிக்கை. அவர்கள் முழு அமெச்சூர்களும் இல்லை. 2014இல் 30 பொழுதுபோக்கு ஓட்டக்காரர்களை வைத்துப் பத்து வாரம் நடந்த மற்றொரு ஆய்வில், லேசான பயிற்சி கூடிய பிரிவு 10 கிலோமீட்டரில் 5 சதவீதமும், நடுவேகப் பிரிவு 3.6 சதவீதமும் முன்னேறின. புள்ளியியல்படி இந்த வேறுபாடு உறுதியானதல்ல. இதை வைத்து ‘லேசான பயிற்சியே வெல்லும்’ என்று கொடி பிடிக்க மாட்டேன். ஆனால் ஆட்சேபணையின் அடித்தளம், அதாவது நேரம் குறைவென்றால் வேகத்தைக் கூட்டியே ஆக வேண்டும் என்ற எண்ணம், இதில் ஆட்டம் காண்கிறது. குறைவாகக் களைத்தவர்கள் பின்தங்கவில்லை. ஒன்பது மணி நேர வேலைக்குப் பின் மாலையில் ஓடும் ஒருவருக்கு, ஒரே பலனைக் குறைந்த செலவில் பெறுவதே பெரிய காரியம். வாரம் நான்கு மணி நேரம்கூட இல்லாதவருக்கு விகிதம் கொஞ்சம் மாறலாம், கடும் பயிற்சி மூன்றில் ஒரு பங்காகக்கூட இருக்கலாம். அவருக்குக் களைப்பு தேங்க இடமே இல்லை.

நார்வேயை வைத்தே எதிர்வாதமும் வரும். டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற கிறிஸ்டியான் பிளும்மன்ஃபெல்ட் நடுவேகப் பயிற்சியை நிறையச் செய்பவர்தானே? செய்கிறார், ஆனால் ரத்தத்தில் லாக்டேட்டை அளந்து அளந்து, எல்லை தாண்டாமல் செய்கிறார். மீதி நேரத்தின் பெரும்பகுதி லேசான பயிற்சி. அவர் கடிவாளத்தை இறுக்கிப் பிடிப்பதைக் கவனிக்காமல் குதிரையின் வேகத்தை மட்டும் பார்ப்பவர்கள் ஏமாறுகிறார்கள்.

நம் ஊருக்கு இங்கே ஒரு பின்குறிப்பு வேண்டும். ஐரோப்பியப் புத்தகங்கள் ‘லேசு’ என்பதைக் கிலோமீட்டருக்கு இத்தனை நிமிடம் என்று சொல்லிவிடுகின்றன. மே மாதத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலை ஏழு மணிக்கு அதே வேகம் லேசாக இருக்காது. காற்றில் ஈரப்பதம் நிறைந்திருக்கும்போது வியர்வை ஆவியாகாமல் வழிந்து ஓடும், உடல் குளிராது. ரத்தம் தோலுக்கும் போக வேண்டும், தசைக்கும் போக வேண்டும் என்பதால் இதயம் வேகமெடுக்கும். கடிகாரத்தில் வேகம் மாறவில்லை, கல்லாவில் செலவு ஏறிவிட்டது. முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்ற பழைய சோதனை எந்தப் பருவத்திலும் பொருந்தும், காசும் கேட்காது.

பயிற்சியைக் குறைத்தால் சேர்த்ததெல்லாம் கரைந்துவிடும் என்ற அச்சத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. 1980களின் தொடக்கத்தில் ராபர்ட் ஹிக்சன், வாரம் ஆறு நாள் பயிற்சி செய்து தேறியவர்களை இரண்டே நாளுக்கு இறக்கிப் பதினைந்து வாரம் வைத்திருந்தார். வேகம் குறையாதவரை அவர்களின் அதிகபட்ச ஆக்சிஜன் உள்வாங்கும் திறன் ஏறக்குறைய அப்படியே நின்றது. பின்னர் மற்றொரு சோதனையில் வேகத்தைக் குறைத்தபோதுதான் சரிந்தது. காய்ச்சலுக்காக விட்ட நான்கு நாள் யாரையும் பழைய இடத்துக்குத் தள்ளிவிடாது.

தூக்கத்துக்கு வருவோம். விடியற்காலை நாலரை மணி அலாரம் இந்த விளையாட்டின் அடையாளச் சின்னமாகவே ஆகிவிட்டது. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். இரவு பத்தரைக்குப் படுத்து நாலரைக்கு எழுந்தால் ஆறு மணி நேரம். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 2003இல் வெளியான ஆய்வில், ஆறு மணி நேரம் அல்லது அதற்கும் குறைவாக இரண்டு வாரம் தூங்கியவர்களின் கவனத்திறன், ஓரிரு இரவு முழுக்கக் கண்விழித்தவர்களின் நிலைக்கு இறங்கியது. அதைவிடக் கவலைக்குரியது, அவர்களுக்கு அது தெரியவில்லை. முதல் சில நாட்களுக்குப் பிறகு தூக்கக் கலக்கம் பெரிதாகக் கூடவில்லை என்றே சொன்னார்கள். சோதனை மதிப்பெண் மட்டும் இறங்கிக்கொண்டே போனது. ‘எனக்கு ஆறு மணி நேரம் போதும், பழகிவிட்டது’ என்பவரின் சாட்சியத்தை அவருக்கே எதிராக வைக்க வேண்டியிருக்கிறது. வளர்ச்சி ஹார்மோனின் பெரும் அலை ஆழ்ந்த உறக்கத்தில்தான் எழுகிறது. வாரத்தில் இரண்டு விடியல் பயிற்சிகளை விட்டுவிட்டு அந்த நேரத்தைத் தூக்கத்துக்குத் தருவது சோம்பேறித்தனமாகத் தோன்றலாம். கணக்குப்படி அது கட்டுமான நேரத்தை வாங்குவது.

தூங்க மனமில்லாதவர்களுக்காகவே மீட்சிப் பொருட்களின் சந்தை ஒன்று வளர்ந்திருக்கிறது. பனிநீர்த் தொட்டி, அழுத்தக் காலுறை, வைட்டமின் குப்பிகள். இவற்றில் சில களைப்பின் உணர்வைக் குறைக்கும், அதுவும் பயன்தான். ஆனால் ஆஸ்திரேலியாவில் 2015இல் வெளியான ஆய்வு, எடைப் பயிற்சிக்குப் பின் தவறாமல் பத்து நிமிடம் குளிர்நீரில் அமர்ந்தவர்களின் தசை வளர்ச்சி மட்டுப்பட்டதைக் காட்டியது. ஜெர்மனியில் 2009இல் மிக்கேல் ரிஸ்டோ குழு, தினமும் 1000 மில்லிகிராம் வைட்டமின் சியும் அதோடு வைட்டமின் ஈயும் விழுங்கியவர்களிடம், உடற்பயிற்சியால் கிடைக்க வேண்டிய இன்சுலின் நன்மை காணாமல் போனதைக் கண்டது. உழைப்பில் எழும் சிறு ரசாயனக் கலவரம்தான் ‘கட்டு’ என்ற உத்தரவு. அதை அடக்கினால் உத்தரவும் அடங்கிவிடுகிறது. நெல்லிக்காய் சாப்பிடாதீர்கள் என்று இதற்குப் பொருளில்லை. பிரச்சினை மாத்திரையின் அளவில் இருக்கிறது.

கல்லா காலியாக இன்னொரு வழி உண்டு, அதைப் பலர் ஒழுக்கம் என்று நினைக்கிறார்கள்: குறைவாகச் சாப்பிடுவது. ஆன் லக்ஸ் 2003இல் பெண்களிடம் செய்த ஆய்வில், பயிற்சிக்கான செலவைக் கழித்தபின் கொழுப்பில்லா உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 30 கலோரிக்குக் கீழே போனதும், ஐந்தே நாளில் இனப்பெருக்க ஹார்மோன்களின் தாளம் கலைந்தது. கொழுப்பில்லா எடை 45 கிலோ உள்ள ஒரு பெண்ணுக்கு, பயிற்சியில் எரித்தது போக 1350 கலோரி. இரண்டு மணி நேரச் சைக்கிளுக்குப் பின் இரண்டு இட்லியோடு அலுவலகம் ஓடுபவர் அந்த எல்லையைத் தெரியாமலேயே தாண்டுவார். மாதவிடாய் தவறுவதைப் பயிற்சியின் பக்கவிளைவு என்று விட்டுவிடக் கூடாது; எலும்பு மெலிவதற்கு அது முன்னறிவிப்பு. ஆண்களுக்கு அப்படி ஒரு மணி அடிப்பதில்லை என்பதால் அவர்கள் தாமதமாகவே உணர்கிறார்கள். இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. களைப்புக்குக் காரணம் தேடும் ஒரு பெண், பயிற்சி அட்டவணையைத் திருத்தும் முன் ஹீமோகுளோபினையும் ஃபெரிட்டினையும் பரிசோதிப்பது மேல்.

கல்லாவில் எவ்வளவு இருக்கிறது என்பதை எண்ணிச் சொல்லத்தான் ஸ்மார்ட் வாட்ச் இருக்கிறதே? காலையில் எழுந்ததும் ‘உங்கள் தயார்நிலை 63’ என்று அது அறிவிக்கிறது. அந்த எண்ணுக்குப் பின்னால் உள்ள இதயத் துடிப்பின் இடைவெளி மாறுபாடு பொய்யான அளவீடு இல்லை. ஆனால் 2016இல் அன்னா சா என்ற ஆய்வாளரும் குழுவினரும் 56 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பயிற்சிச் சுமையின் ஏற்ற இறக்கத்தைக் கருவிகளின் அளவீடுகளைவிட வீரர்களின் சொந்தப் பதில்களே கூர்மையாகவும் சீராகவும் காட்டின. எப்படித் தூங்கினாய், கால் எப்படி இருக்கிறது, மனநிலை எப்படி, இன்று பயிற்சி செய்யப் பிடிக்கிறதா என்பன போன்ற கேள்விகள். தூக்கக்குறை தனக்கே தெரியாது என்று சற்று முன் சொன்னதோடு இது முரண்படுகிறதே என்று கேட்கலாம். ஒரு நாளின் உணர்வு ஏமாற்றும். எழுதிவைத்த இருபது நாளின் வரிசை அவ்வளவு எளிதில் ஏமாற்றாது. அதனால்தான் தூங்கிய மணி நேரத்தை உணர்வாக இல்லாமல் எண்ணாகவே குறிக்க வேண்டும். ஃபாஸ்டரின் கணக்கையும் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளலாம்: பயிற்சி எத்தனை நிமிடம், பத்துக்கு எத்தனை கடினம், இரண்டையும் பெருக்கினால் அன்றைய சுமை. நீச்சலோ சைக்கிளோ ஓட்டமோ, எல்லாம் ஒரே பத்தியில், ஒரே அலகில். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். இரண்டு காலை தொடர்ந்து பதில்கள் மோசமாக வந்தால், அன்று மாலை போட்டிருந்த வேக ஓட்டம் வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிப்போகும். அதன் இடத்தில் இருபது நிமிட நீச்சல், பிறகு ஒன்பதரைக்குப் படுக்கை.